பழங்கொடி ஒயின்: கொடிக்கு வயதானால் என்ன கிடைக்கும், அதை எப்படிக் காப்பாற்றுவது?

பழங்கொடி ஒயின் என்றால் புட்டியில் அடைத்துப் பல வருடம் வைத்திருந்த ஒயின் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. போன வருடம் அறுத்த பழத்தில் போட்ட ஒயினாகவும் அது இருக்கலாம். பழசு என்று சொல்வது கொடியைத்தான். அந்தப் பழம் காய்த்த கொடிக்கு நாற்பது வயதோ எண்பது வயதோ இருக்கும். சில இடங்களில் நூற்றைம்பதைக்கூடத் தாண்டியிருக்கும்.

மதுரையிலிருந்து தேனி, சின்னமனூர் வழியாகக் கம்பம் போகிறவர்களுக்குத் திராட்சைப் பந்தல் புதிதல்ல. திண்டுக்கல் பக்கம் வெள்ளோடு, செட்டியபட்டி வட்டாரத்திலும் பந்தல்கள் உண்டு. ஆனால் இந்தப் பந்தல்களுக்குக் கீழே போய் 35 வயதுக் கொடியைத் தேடினால் கிடைப்பது அரிது. பதினைந்து, இருபது வருடம் ஓடிய பந்தலே நல்ல பந்தல் என்று பெயர் வாங்கிவிடும். இங்கே கொடி ஏன் சீக்கிரம் ஓய்ந்துபோகிறது, வேறு நாடுகளில் ஏன் நூறு வருடம் நிற்கிறது என்பது புரிந்தால் பழங்கொடியைப் பற்றித் தெரிய வேண்டியதில் பாதி புரிந்துவிடும்.

எத்தனை வயது ஆக வேண்டும்?

வெகுகாலம் இதற்குக் கணக்கே இல்லை. பிரெஞ்சுப் புட்டிகளில் பழங்கொடி என்ற பொருளில் அச்சிடும் சொற்களுக்கு அங்கே சட்டப்படி வயது வரம்பு கிடையாது. ஒருவர் 25 வயதுக் கொடிக்குப் போடுவார், இன்னொருவர் 60 ஆனால்தான் போடுவார். வாங்குகிறவர் நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் 2009-ல் ஒரு சாசனம் எழுதினார்கள். 35 வயதைத் தாண்டியது பழங்கொடி, 70 தாண்டியது பிழைத்த கொடி, 100 தாண்டியது நூற்றாண்டுக் கொடி, 125 தாண்டியது மூதாதைக் கொடி என நான்கு படி. தென்னாப்பிரிக்காவிலும் வரம்பு 35 வருடம்தான். அங்கே சான்று பெற்ற தோட்டத்துப் புட்டிக்கு ஒரு முத்திரை ஒட்டுகிறார்கள். அதில் கொடி நட்ட ஆண்டே அச்சாகியிருக்கும். வாங்குகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் இல்லை. கலிபோர்னியாவில் வரலாற்றுத் தோட்டங்களுக்கான சங்கம் 50 வருடம் கேட்கிறது. ஆனால் நிற்கும் கொடிகளில் மூன்றில் ஒரு பங்காவது முதலில் நட்டவையாக இருந்தால் போதும் என்கிறது.

2024-ல் பன்னாட்டுத் திராட்சை, ஒயின் அமைப்பு ஒரு பொது வரையறை கொடுத்தது. ஆவணத்தில் 35 வருடம் காட்ட முடிகிற கொடி பழங்கொடி. ஒட்டுக் கட்டிய கொடியாக இருந்தால் அந்த ஒட்டு 35 வருடமாகக் கலையாமல் இருந்திருக்க வேண்டும். தோட்டமே பழந்தோட்டம் என்று சொல்லிக்கொள்ள, ஒரே பரப்பில் உள்ள கொடிகளில் 85 சதவீதமாவது இந்த வயதை எட்டியிருக்க வேண்டும்.

ஒட்டைப் பற்றிய நிபந்தனை எதற்கு என்று கேட்கலாம். 1860-களில் அமெரிக்காவிலிருந்து பிரான்ஸுக்குப் போய்ச் சேர்ந்த ஃபைலாக்சரா என்ற வேர்ப்பேன் ஐரோப்பாவின் பெரும்பாலான கொடிகளை அழித்தது. அமெரிக்க இனத்தின் வேர்ச்செடியில் ஐரோப்பிய இனத்தை ஒட்டுக் கட்டித்தான் மீண்டார்கள். ஆகவே இன்று உலகில் உள்ள ஒயின் கொடிகளில் பெரும்பாலானவை ஒட்டுக்கொடிகள். ஒரு விவசாயி பழைய கொடியின் தலையை வெட்டிவிட்டு வேறு ரகத்தை ஒட்டினால் வேருக்கு வயது 50, மேலே இருப்பதற்கு வயது 3. அதைப் பழங்கொடி என்று விற்கக் கூடாது என்பதற்காகவே அந்த நிபந்தனை.

பேன் வராத சில இடங்களும் உண்டு. கடுமையான தடுப்புக் காவலால் தப்பிய தென் ஆஸ்திரேலியா, சிலி, எரிமலை மணலில் பேன் பிழைக்க முடியாத கிரேக்கத்தின் சாந்தோரினித் தீவு. உலகின் மிகப் பழைய தோட்டங்கள் பல இங்கேதான் இருக்கின்றன. சாந்தோரினியில் இன்னொரு வேடிக்கை உண்டு. பலத்த காற்றுக்குப் பயந்து கொடியைத் தரையோடு கூடை போலச் சுற்றி வளர்ப்பார்கள். பல பத்தாண்டுகளில் காய்ப்பு குறைந்ததும் கூடையை அடியோடு வெட்டிவிட, அதே வேரிலிருந்து புதுத் தளிர் வந்து புதுக் கூடையாகும். கண்ணுக்குத் தெரிவது இளங்கொடி. மண்ணுக்குள் இருக்கும் வேருக்கு எத்தனை வயது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆண்டில் எண்ணுவதா, அறுவடையில் எண்ணுவதா?

குளிர்நாட்டுக் கொடி வருடத்தில் சில மாதம் தூங்குகிறது. இலையுதிர்காலத்தில் அறுவடை முடிந்த பிறகும் இலை சில வாரம் பச்சையாக நின்று மாவுச்சத்தைச் செய்து தண்டுக்கும் வேருக்கும் அனுப்பும். பிறகு இலை கொட்டிவிடும். அடுத்த வசந்தத்தில் மொட்டு வெடித்துத் தளிர் நீண்டு பூக்கும்வரை கொடி பெரும்பாலும் இந்தச் சேமிப்பை எடுத்துத்தான் செலவு செய்கிறது. வயதாக ஆக அடித்தண்டு பருக்கிறது, சேமிப்புக்கு இடம் கூடுகிறது. மழை தவறிய வருடத்தில் இளங்கொடி தடுமாறும்போது பழங்கொடி நிலைகுலையாமல் நிற்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் வேர். திராட்சையின் வேர்களில் பெரும்பகுதி மேல் ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும் என்றாலும், இடம் கொடுக்கிற மண்ணில் சில வேர்கள் பல மீட்டர் கீழே போய்விடும். பாசனம் இல்லாமலே பிழைத்த தோட்டங்களில் கொடியைக் காப்பாற்றியவை அந்தச் சில வேர்கள்தான்.

கம்பம் பள்ளத்தாக்கில் கதை வேறு. இங்கே கொடி தூங்குவதே இல்லை. மார்கழி, தையில் கவாத்து செய்தால், அதாவது பழைய கிளைகளை வெட்டிவிட்டால், சித்திரை வாக்கில் அறுவடை. வைகாசி, ஆனியில் கவாத்து செய்தால் ஆவணி, புரட்டாசியில் அறுவடை. கவாத்திலிருந்து சுமார் 120 நாளில் பழம் கைக்கு வந்துவிடும். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுவதால் வருடம் முழுக்கச் சந்தைக்குப் பன்னீர்த் திராட்சை வருகிறது. சிலர் இரண்டு வருடத்தில் ஐந்து அறுவடைகூட எடுக்கிறார்கள். விவசாயிக்கு இது வரம், கொடிக்குச் சுமை. ஓர் அறுவடைக்கும் அடுத்த கவாத்துக்கும் நடுவே தண்டில் மாவுச்சத்து நிரம்ப அவகாசம் கிடைப்பதில்லை. மொட்டு சீராக வெடிக்க வேண்டும் என்று ஹைட்ரஜன் சயனமைடு என்ற ரசாயனம் வேறு தடவுகிறோம்.

இந்தக் கோணத்தில் பார்த்தால், வருடத்துக்கு இரண்டு அறுவடை கொடுத்த 20 வயதுக் கம்பம் கொடி நாற்பது அறுவடையைப் பார்த்துவிட்டது. பரோசாவில் அது நாற்பது வருடத்து வேலை. ஆகவே 35 வருடம் என்ற அளவுகோலை அப்படியே எடுத்துவந்து நம் பந்தலில் வைத்துப் பார்ப்பது சரியில்லை. இங்கே 25 வயதைத் தாண்டி, இன்னும் நன்றாகக் காய்க்கிற கொடி கண்ணில் பட்டால் அதைக் கவனிப்பது நல்லது. அவ்வளவு பாடுபட்டும் அது ஏன் சாகவில்லை என்ற கேள்விக்குப் பதில் அந்தக் கொடிக்குள் இருக்கிறது.

சுவை கூடுமா?

பழங்கொடி என்றாலே உயர்ந்த ஒயின் என்பது விற்பனைப் பேச்சு. உண்மை அவ்வளவு எளிதல்ல.

வயதான கொடி தளிரை வெறித்தனமாக வளர்ப்பதில்லை. இலை நெரிசல் குறையும். குலைக்கு வெளிச்சமும் காற்றும் கிடைக்கும். காய்ப்பு குறைவாக இருந்தால் இருக்கிற குலைகள் சீராகப் பழுக்கும். பழம் சிறுத்திருந்தால் சாற்றுக்குத் தோல் விகிதம் கூடும். சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் மணத்தில் பெரும்பகுதியும் தோலிலிருந்துதான் இறங்குகின்றன. வறண்ட வருடத்துக்கும் மழை வருடத்துக்கும் இடையே தரத்தில் பெரிய ஏற்ற இறக்கம் இருக்காது. ஒயின் போடுகிறவர்கள் பழங்கொடியில் மதிப்பது இந்த நிதானத்தைத்தான்.

ஆனால் குறைந்த காய்ப்புக்கு வயதுதான் காரணம் என்று முடிவு கட்டக் கூடாது. பழைய தோட்டத்தில் நூறு கொடிக்கு இருபது செத்துப்போயிருக்கும், பாசனம் இருக்காது, நச்சுயிரி நோய் இருக்கும். இவை எல்லாமே விளைச்சலைக் குறைக்கும். இலண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-ல் நட்ட ஒற்றைக் கொடி இன்றும் வருடத்துக்குச் சராசரியாக 270 கிலோ பழம் கொடுக்கிறது. 2001-ல் 383 கிலோ கொடுத்தது. கண்ணாடிக் கூரையும் கவனிப்பும் இருந்தால் இருநூற்றைம்பது வயதிலும் கொடி காய்க்கும். ஸ்லோவேனியாவின் மாரிபோர் நகரில் நானூறு வயதைத் தாண்டிய ஒரு கொடி வீட்டுச் சுவரில் படர்ந்து இன்றும் காய்க்கிறது; அதன் பழத்தில் போடும் ஒயினைச் சிறு புட்டிகளில் அடைத்து நகரத்தின் பரிசாகக் கொடுக்கிறார்கள்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கெட்ட ஒயின் கொடுத்த தோட்டத்தை யாரும் நூறு வருடம் வைத்திருக்க மாட்டார்கள். மண், சரிவு, ரகம் எல்லாம் பொருந்தி வந்த இடம்தான் வெட்டுக்குத் தப்பியிருக்கும். அப்படியானால் ஒயின் நன்றாக இருப்பது கொடியின் வயதாலா, இடத்தாலா? இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம். ஒரே மண்ணில் ஒரே ரகத்து இளங்கொடியையும் பழங்கொடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வாய்ப்பு அபூர்வம்.

ஆகவே சுவையை மட்டும் சொல்லிப் பழங்கொடியைக் காக்கச் சொன்னால் வாதம் நொண்டும். வலுவான காரணம் வேறு இருக்கிறது.

கொடிக்குள் இருக்கும் சரக்கு

திராட்சையை விதை போட்டு வளர்ப்பதில்லை. குச்சி வெட்டி நடுகிறோம். இன்றைய நாற்றங்கால்கள் ஒரு நல்ல தாய்க்கொடியைத் தேர்ந்தெடுத்து அதன் குச்சியை மட்டும் பெருக்கி விற்கின்றன. ஆயிரம் கொடி வாங்கினாலும் மரபில் அது ஒரே கொடி. சீராகப் பழுக்கும், நோய் இல்லாமல் வரும் என்பதால் விவசாயிக்கு இது வசதி. ஆனால் ஒன்றுக்குத் தாங்காத வெயிலோ நோயோ வந்தால் ஆயிரத்துக்கும் தாங்காது.

அக்காலத்தில் தாத்தாக்கள் நட்ட முறை வேறு. பக்கத்துத் தோட்டம், அடுத்த ஊர், மாமன் வீடு என்று கிடைத்த இடத்தில் நல்ல கொடியாகப் பார்த்துக் குச்சி எடுத்து நட்டார்கள். ஆகவே பழைய தோட்டத்தில் ஒரே ரகம் என்றாலும் கொடிக்குக் கொடி சிறு வித்தியாசம் இருக்கும். ஒன்றில் குலை நெருக்கமில்லாமல் தளர்வாக இருக்கும், மழையில் அழுகாது. ஒன்று பத்து நாள் தாமதமாகப் பழுக்கும். ஒன்றில் புளிப்பு கடைசிவரை நிற்கும். வெயில் ஏறிக்கொண்டே போகும் காலத்தில் தாமதமாகப் பழுக்கிற, புளிப்பு இறங்காத கொடிக்கு ஒயின்காரர்கள் அலைகிறார்கள். அந்தக் கொடியைப் புதிதாக உண்டாக்குவதைவிடப் பழைய தோட்டத்தில் தேடி எடுப்பது எளிது, தோட்டம் இருந்தால்.

கலிபோர்னியாவின் பெருமையான ஜின்ஃபாண்டல் ரகம் எங்கிருந்து வந்தது என்பது வெகுநாள் புதிராக இருந்தது. டேவிஸ் பல்கலைக்கழகத்தின் கரோல் மெரிடித்தும் குரோவேஷிய ஆய்வாளர்களும் குரோவேஷியக் கடற்கரையில் தேடினார்கள். 2001-ல் கஷ்டேலா என்ற ஊர்ப் பக்கம் ஒரு பழைய தோட்டத்தில், வேறு ரகங்களுக்கு நடுவே நின்ற சில கொடிகளின் மரபணு ஜின்ஃபாண்டலோடு அப்படியே பொருந்தியது. உள்ளூரில் அந்த ரகத்தை அநேகமாக மறந்தே போயிருந்தார்கள். அந்தச் சில கொடிகளை முந்தின வருடம் யாராவது பிடுங்கியிருந்தால் விடை கிடைத்திருக்காது. இப்போது அங்கே அந்த ரகத்தை மறுபடி நடுகிறார்கள்.

நம் பன்னீர்த் திராட்சைக்கும் வம்சாவளி உண்டு. வெளியில் அதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மரபணுச் சோதனைப்படி அதன் பெற்றோரில் ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா; மற்றொன்று ஸ்கியாவா கிரோசா. பிளாக் ஹாம்பர்க் என்பது ஸ்கியாவா கிரோசாவின் ஆங்கிலேயப் பெயர். ஹாம்ப்டன் கோர்ட்டில் 1768 முதல் நிற்கிற அந்தக் கொடி இதே பிளாக் ஹாம்பர்க்தான். மாட்டுத்தாவணி பழச்சந்தையில் கூடை கூடையாக இறங்கும் பழத்துக்கு அந்த அரண்மனைக் கொடி பெற்றோர் ரகம்.

பன்னீர் முதன்மையாக உண்ணும் பழம்தான். என்றாலும் ஒயினுக்கு ஆகாது என்று சொல்ல முடியாது. கலிபோர்னியாவில் பிளாக் மஸ்கட் என்ற பெயரில் இதிலிருந்து இனிப்பு ஒயின் போடுகிறார்கள். 'கம்பம் பன்னீர்த் திராட்சை' 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. குறியீடு பெயரைக் காக்கும். எந்தக் கொடியையும் தானாகக் காக்காது. பல தலைமுறையாகக் குச்சி மாற்றி மாற்றி நட்டு வந்த ரகம் என்பதால் பழைய பந்தல்களில் வித்தியாசமான கொடிகள் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அவற்றைப் பதிவு செய்யாமல் பந்தலைப் பிரிப்பது நஷ்டம்.

கணக்கு ஏன் இடிக்கிறது?

நன்றாகப் பராமரித்த பன்னீர்ப் பந்தல் ஹெக்டேருக்கு வருடம் 30 டன் வரை கொடுக்கும். ஓய்ந்துபோன பழைய தோட்டம் 3 டன் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வருமானம் வர அதன் பழத்துக்குக் கிலோவுக்குப் பத்து மடங்கு விலை வேண்டும். உண்ணும் பழச் சந்தையில் கொடியின் வயதைக் கேட்டு யாரும் விலை கூட்டித் தரப்போவதில்லை. ஒயினில் மட்டும்தான் அந்த விலைக்கு வழி இருக்கிறது. ஒரு கிலோ பழத்தில் ஏறக்குறைய 600 முதல் 700 மி.லி. ஒயின் இறங்கும், 750 மி.லி. புட்டி ஒன்றுக்குச் சுமார் 1.1 அல்லது 1.2 கிலோ. 3 டன்னுக்குச் சுமார் 2,500 புட்டி. புட்டிக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைத்து, அதில் ஒரு பங்கு விவசாயிக்கு வந்து சேர்ந்தால் கொடி பிழைக்கும். வராவிட்டால் பிடுங்கத்தான் செய்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

தென் ஆஸ்திரேலியாவில் 1980-களின் நடுவில் திராட்சை விலை சரிந்தபோது கொடியைப் பிடுங்குவதற்கு அரசே பணம் கொடுத்தது. பரோசாவின் பழைய ஷிராஸ், கிரெனாஷ் ரகக் கொடிகள் பல அப்போது போயின. சில வருடங்களிலேயே உலகம் பரோசா ஷிராஸைத் தேடி வந்தது. அன்று பணத்தை வாங்காமல் பிடிவாதமாக நின்றவர்களின் தோட்டங்கள்தான் இன்று மூதாதைக் கொடிகளாக நிற்கின்றன. 1843-ல் நட்டதாகச் சொல்லப்படும் ஷிராஸ் கொடிகளும் அவற்றுள் உண்டு.

இங்கே ஒயின் போட உரிமம் பெற்ற ஆலைதான் வழி. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-ன்படி உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். பழங்கொடிப் பழம் என்றாலும் விலக்கு இல்லை.

வயதை எப்படி நிரூபிப்பது?

அடித்தண்டின் பருமனைப் பார்த்து வயது சொல்லாதீர்கள். தண்ணீரும் உரமும் நிறைந்த பத்து வயதுக் கொடி, வறண்ட மண்ணின் முப்பது வயதுக் கொடியைவிடப் பருத்திருக்கும். வெட்டி வளையம் எண்ணலாம் என்றால் கொடியைக் கொல்ல வேண்டும். பழைய தண்டின் நடு பெரும்பாலும் உளுத்துப்போய்க் காலியாகவும் இருக்கும். காகிதம்தான் சாட்சி. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கலில் ஒவ்வொரு பசலிக்கும் (வருவாய்க் கணக்கு ஆண்டுக்கும்) அந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்று பதிவாகியிருக்கும். திராட்சை என்று தொடர்ச்சியாக எத்தனை பசலி வருகிறதோ அது முதல் ஆதாரம். நடுவில் பிடுங்கி மறுபடி நட்டிருந்தால் அடங்கல் காட்டாது. அதற்குப் பந்தல் போட வாங்கிய கடன் காகிதம், கல்தூண், கம்பி ரசீது, நாற்று வாங்கிய சீட்டு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கொடி எதனால் சாகிறது?

வயதினால் மட்டும் கொடி சாவது அபூர்வம். பெரும்பாலும் கவாத்துக் காயம் வழியாக உள்ளே போன பூஞ்சைதான் கொல்கிறது. மழையில் பரவும் பூஞ்சை வித்து புது வெட்டில் இறங்கி, வருடத்துக்குக் கொஞ்சமாகத் தண்டுக்குள் கீழே போகும். முதல் அறிகுறி தெரிய பல வருடம் ஆகும். கொடியின் ஒரு கையில், அதாவது ஒரு பெரிய கிளையில் மட்டும் தளிர் குட்டையாக, இலை சுருண்டு மஞ்சளாக வரும். அந்தக் கையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆப்பு வடிவில் பழுப்புக் கறை தெரியும். எஸ்கா என்ற தண்டுப் பூஞ்சை நோய் என்றால் இலையில் நரம்புகளுக்கு இடையே புலிவரி போலக் காய்ந்திருக்கும். வெயில் உச்சத்தில் முழுக் கொடியும் சில நாளில் வாடிவிடுவதும் உண்டு.

தடுப்பது கவாத்துக் கத்தரியில் இருக்கிறது. பெரிய வெட்டு, பழைய மரத்தில் வெட்டு, தண்டோடு ஒட்ட வழித்து வெட்டு ஆகிய மூன்றும் கொடியின் ஆயுளைக் குறைக்கும். வெட்டிய இடத்திலிருந்து மரம் உள்நோக்கிக் கூம்பு போலக் காய்ந்துகொண்டே போகும். ஒட்ட வழித்தால் அந்தக் காய்ந்த கூம்பு தண்டின் சாறு ஓடும் பாதைக்குள்ளேயே இறங்கிவிடும். ஆகவே வெட்டும் கிளை எவ்வளவு பருமனோ அவ்வளவு நீளத்துக்குக் கட்டை விட்டு வெட்ட வேண்டும். கட்டை காய்ந்த பிறகு அடுத்த வருடம் அதை எடுத்துவிடலாம். பன்னீருக்குக் காய்ப்புக் கிளையில் 4, 5 மொட்டு விட்டு வெட்டுவது வழக்கம். மெலிந்த கிளையை 2 மொட்டோடு நிறுத்துங்கள். வெட்டெல்லாம் ஒன்று, இரண்டு வயதுக் கிளையில் விழும்படி ஒவ்வொரு கவாத்திலும் பார்த்துக்கொண்டால் பெரிய காயமே வராது. மழைத்தூறலில் கவாத்து செய்யாதீர்கள். கறை தெரிந்த கொடிகளைக் கடைசியில் வெட்டி, கத்தரியைத் துடைத்துக் கிருமிநாசினியில் நனைத்து எடுங்கள்.

பெரிய காயம் தவிர்க்க முடியாவிட்டால் அன்றே போர்டோ பசை பூச வேண்டும். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, மொத்தம் 10 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் அல்லது மண்பாத்திரத்தில் கரைத்துப் பிறகு கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. கலந்ததும் ஒரு பளபளப்பான இரும்புக் கத்தியைச் சற்று நேரம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, தளிரைச் சுட்டுவிடும்; இன்னும் சுண்ணாம்புக் கரைசல் சேர்க்க வேண்டும். பசையை அன்றன்றைக்கே பயன்படுத்துங்கள். பசை மேல்பூச்சு மட்டும்தான். உள்ளே போய்விட்ட பூஞ்சையை அது ஒன்றும் செய்யாது.

உள்ளே போயிருந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். கறை முடிகிற இடத்துக்குக் கீழே குறைந்தது 10 செ.மீ. சுத்தமான வெள்ளை மரம் தெரியும்வரை வெட்டுங்கள். அதற்கு முந்தின பருவத்திலேயே அடித்தண்டிலிருந்து வரும் ஒரு தளிரைப் பிடுங்காமல் விட்டு, கம்பிவரை ஏற்றி வளர்த்திருந்தால் அது புதுத் தண்டாகும். வேர் பழையது என்பதால் இந்தத் தளிர் இளங்கொடியைவிட வெகு வேகமாக ஏறும். ஓரிரு பருவத்தில் காய்ப்புக்கு வந்துவிடும். ஒட்டுக்கொடியாக இருந்தால் தளிர் ஒட்டுக்கு மேலிருந்து வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கீழிருந்து வந்தால் அது வேர்ச்செடி. அதில் பன்னீர் காய்க்காது.

அறுவடையைக் குறைப்பதும் வைத்தியம்தான். மகாராஷ்டிரத்தில் வருடத்துக்கு இரண்டு கவாத்து செய்தாலும் ஒரே ஒரு அறுவடைதான் எடுக்கிறார்கள். கோடைக் கவாத்து கிளை முதிரவும் சேமிப்பு நிரம்பவும் மட்டும். நம் பந்தலில் ஓய்ந்த பழங்கொடிகளுக்கு மட்டுமாவது இதைச் செய்து பார்க்கலாம். தண்ணீரில் திடீர் மாற்றம் வேண்டாம். ஆழ வேர்தான் இருக்கிறதே என்று பாசனத்தை ஒரேயடியாக நிறுத்துகிறவர்கள் உண்டு. வாய்க்காலிலும் சொட்டுநீரிலும் வளர்ந்த கொடிக்கு வேர் மேலேயே படர்ந்திருக்கும். பட்டென்று நிறுத்தினால் வாடி, இரண்டு பருவத்தில் போய்விடும்.

செத்த இடத்தை நிரப்புவது

பழைய கொடிகளுக்கு நடுவே காலியான குழியில் புது நாற்று நட்டால் பெரும்பாலும் தேறாது. பக்கத்துக் கொடிகளின் வேர் அங்கே வந்திருக்கும், பந்தல் நிழல் வேறு. பதியம் போடுவதே மேல். அருகிலுள்ள நல்ல கொடியின் நீண்ட, முதிர்ந்த கிளையை ஒடியாமல் வளைத்து, காலி இடத்தில் 20 செ.மீ. ஆழப் பள்ளத்தில் கிடத்தி, நுனியில் 2, 3 மொட்டு மண்ணுக்கு மேல் நிற்கும்படி மூடுங்கள். தாய்க்கொடிக்கும் பள்ளத்துக்கும் நடுவே உள்ள மொட்டுகளைக் கிள்ளிவிட வேண்டும். குட்டி வேர் பிடிக்கும்வரை தாய் ஊட்டிக்கொண்டிருக்கும். இரண்டு வருடம் கழித்து வெட்டிப் பிரிக்கலாம். அவசரப்பட்டு முதல் வருடமே பிரித்தால் முதல் கோடையில் காய்ந்துவிடும். பதியக்கொடி சொந்த வேரில் நிற்கும் என்பதை மறக்க வேண்டாம். நூற்புழுவோ உப்போ மிகுந்த மண்ணில் அது திணறும். அங்கே டாக்ரிட்ஜ் போன்ற வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டுவதுதான் வழி.

தோட்டத்தை வைத்திருக்க முடியாது, பிரித்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் குச்சியையாவது காப்பாற்றலாம். இதைப் பிடுங்குகிற வாரம் ஆரம்பித்தால் காலம் கடந்துவிட்டது. குறைந்தது இரண்டு பருவம் முன்பே கொடிகளுக்கு எண் கட்டி, முப்பது, நாற்பது கொடிகளைக் கவனித்து எழுதிவைக்க வேண்டும்: எப்போது பழுத்தது, குலை தளர்வா நெருக்கமா, மழையில் அழுகியதா, அடிச்சாம்பல் நோய் எவ்வளவு வந்தது. இலைச்சுருள் நச்சுயிரி உள்ள கொடியை ஒதுக்குங்கள். கறுப்பு ரகத்தில் அதன் அடையாளம், நரம்பு பச்சையாக நிற்க இடைப்பகுதி செம்மையாகி இலை ஓரம் கீழ்நோக்கிச் சுருள்வது. குச்சி வழியாக அது புதுத் தோட்டத்துக்குப் போகும், மாவுப்பூச்சி அங்கே மேலும் பரப்பும். குளிர் இல்லாத இடத்தில் அறிகுறி தெளிவில்லாமலும் இருக்கும் என்பதால், பழம் நிறம் ஏறத் தாமதித்து இனிப்பு ஏறாமல் நிற்கிற கொடியையும் சந்தேகத்தில் வையுங்கள்.

கவாத்து நாளிலேயே குச்சி எடுங்கள். பென்சில் பருமன், பழுப்பேறி முதிர்ந்த கிளை, நான்கு கணு. அடிவெட்டு கணுவை ஒட்டிக் கீழே நேராக, மேல்வெட்டு கணுவுக்கு 2 செ.மீ. மேலே சரிவாக, அப்போதுதான் தலைகீழாக நட்டுவிடும் தவறு நேராது. ஒவ்வொரு கொடியின் குச்சியையும் தனிக் கட்டாகக் கட்டி எண் எழுதிய சீட்டை உள்ளே வையுங்கள். கட்டுகள் கலந்துவிட்டால் இரண்டு பருவம் எழுதிவைத்த குறிப்பு வீண். அன்றே நட முடியாவிட்டால் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைக்கலாம். ஈரம் சொட்டக் கூடாது, பூசணம் பிடிக்கும். நாற்றுப் பையில் இரண்டு கணு மண்ணுக்குள், இரண்டு வெளியே. முதல் தளிர் வந்ததும் வேர் பிடித்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். குச்சியில் இருக்கும் சேமிப்பிலேயே தளிர் வந்துவிடும், வேர் அதன் பிறகுதான் இறங்கும். குச்சிகள் பெரும்பாலும் சாவது தளிர் பார்த்துத் தண்ணீரைக் குறைத்த அந்த இடைவெளியில்தான். இரண்டு, மூன்று மாதத்தில் பையின் ஓரத்தில் வேர் தெரிந்த பிறகு வயலுக்கு எடுத்துப் போகலாம். ஒவ்வொரு எண்ணிலும் ஐந்து கொடியாவது, இரண்டு வெவ்வேறு ஊர்த் தோட்டத்தில் இருக்கும்படி நடுங்கள்.